டெவ் பேக்கேஜுக்குக் கம்பைலர் எதற்கு?

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பதனிட்டு முடிந்த தோலைப் பரப்பளவு பார்த்துத்தான் விற்கிறார்கள். இரண்டு தோல் ஒரே மாதிரி இருக்காது. கழுத்துப் பக்கம் குறுகும், வயிற்றுப் பக்கம் அகலும், கால்கள் நான்கு மூலையிலும் இழுத்துக்கொண்டு நிற்கும். அளவு இயந்திரத்துக்குள் விட்டால் மறுபக்கம் வரும்போது சதுர அடிக் கணக்கு வந்துவிடும். அந்த எண்ணைத் தோலின் உட்புறத்தில் குறித்துவிடுவார்கள். கால் சதுர அடி வித்தியாசம்கூடப் பணம்தான், ஒரு லோடு ஏறும்போது.

எனக்குப் பழக்கமான ஒரு பாய் அங்கே சிறிய பட்டறை நடத்துகிறார். அவருடைய பழைய அளவு இயந்திரம் சரியாகச் சொல்கிறதா என்று ஒத்துப்பார்க்க, மேலே ஒரு கேமராவும் பக்கத்தில் ஆர்ம் வகைச் செயலி கொண்ட உள்ளங்கை அளவு கணினி ஒன்றும் வைக்கலாம் என்று முடிவாயிற்று. படம் எடுத்து, பின்புலத்தைக் கழித்து, மிச்சமுள்ள புள்ளிகளை எண்ணிப் பரப்பளவாக்கும் சிறிய சி நிரல். சத்துவாச்சாரியில் என் வீட்டு மேசைக் கணினியில் எழுதி, அங்கேயே ஆர்ம் கணினிக்கு ஏற்ற வடிவில் கம்பைல் செய்து, அதாவது இயந்திரம் ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றி, பென்டிரைவில் எடுத்துப்போவது ஏற்பாடு. பட்டறையில் இருக்கும் அந்தச் சின்னக் கணினியில் கம்பைல் செய்வதை நான் விரும்புவதில்லை. அங்கே தூசியும் வெக்கையும் போதுமான அளவு இருக்கின்றன. கம்பைலர் வேறு வேண்டாம்.

என் கணினியில் இருந்தது டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பு. கேமராவிலிருந்து படம் வாங்கும் ஒரு சிறிய லைப்ரரியின் டெவ் பேக்கேஜை, அதாவது அந்த லைப்ரரியை வைத்து நிரல் எழுதத் தேவையான கோப்புகளின் தொகுப்பை, ஆர்ம் 64 கட்டமைப்புக்கு நிறுவச் சொன்னேன். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட், எதற்கு எது கூட வேண்டும் என்ற சார்புகளை வழக்கம்போலப் படித்தது. பிறகு "பின்வரும் பேக்கேஜ்கள் நீக்கப்படும்" என்று ஒரு பட்டியல் போட்டது. கட்டுமானக் கருவிகளின் தொகுப்பான பில்ட்-எசென்ஷியல், சி கம்பைலரான ஜிசிசி, சி++ கம்பைலரான ஜி++ என்று ஆரம்பித்து, நான் தினமும் வேலை செய்யும் கருவிகள் வரிசையாக அதில் நின்றன. அதற்குக் கீழே புதிதாக வரப்போகிறவர்களின் பட்டியல். அதில் முதல் ஆள் ஆர்ம் 64-க்கான ஜிசிசி. அதாவது, என் இன்டெல் கணினியில் ஓடும் கம்பைலரைக் கழற்றிவிட்டு, அதில் ஓடவே முடியாத ஆர்ம் கம்பைலரைக் கொண்டுவந்து வைக்க ஆப்ட் அனுமதி கேட்டது. 'ஆம்' என்று தட்டாமல் வெளியே வந்தேன்.

ஆப்ட் மேல் தவறு இல்லை. அந்த டெவ் பேக்கேஜின் டிபெண்ட்ஸ் வரியில், அதாவது கட்டாயம் கூட வர வேண்டியவற்றைச் சொல்லும் வரியில், "ஜிசிசி, ஜி++, சிமேக்" என்று எழுதியிருந்தது. டெபியனின் பல்கட்டமைப்பு விதிப்படி, ஆர்ம் 64 பேக்கேஜ் ஒன்று வேறொன்றைச் சார்ந்திருக்கிறது என்றால், அந்த வேறொன்றும் ஆர்ம் 64 ஆகவே இருக்க வேண்டும். எந்தக் கட்டமைப்பில் இருந்தாலும் வேலைக்கு ஆகும் என்று அந்தப் பேக்கேஜே தன்னைப் பற்றி அறிவித்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. கட்டுமானத்தை நடத்தும் கருவியான சிமேக் அப்படி அறிவித்திருக்கிறது. ஜிசிசி அறிவிக்கவில்லை, அறிவிக்கவும் கூடாது. எந்தக் கட்டமைப்புக்கு ஜிசிசி என்பது பெரிய விஷயம். இரண்டு கட்டமைப்பின் ஜிசிசியும் ஒரே இடத்தில் ஒரே பெயரில் கோப்பு வைப்பவை என்பதால் சேர்ந்து குடியிருக்கவும் முடியாது. ஒன்று வந்தால் மற்றது போக வேண்டும்.

குறுக்குக் கம்பைல் செய்வதற்கென்று தனியாகக் கம்பைலர் உண்டு: இன்டெல் கணினியில் ஓடி, ஆர்ம் நிரலைக் கொடுப்பது. அது என்னிடம் முன்பே இருந்தது. ஆனால் டெவ் பேக்கேஜ் கேட்டது அதையல்ல, அதன் பெயரில் ஒரு வரி எழுதவும் யாருக்கும் தோன்றியிருக்காது.

அப்படியானால் அந்தப் பேக்கேஜுக்குள் என்னதான் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தேன். லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லும் சில ஹெட்டர் கோப்புகள். லைப்ரரியின் பதிப்பு எண் இல்லாத பெயரிலிருந்து உண்மையான கோப்புக்குப் போகும் ஒரு குறியிணைப்பு. நிலையான இணைப்புக்கான ஒரு ஏ கோப்பு. பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவி படிக்கும் பிசி கோப்பு. சிமேக் படிக்கும் ஒரு கோப்பு. உரிமம், மாற்றப் பதிவு. இவ்வளவுதான். இயங்கக்கூடிய கோப்பு ஒன்றுகூட இல்லை. எதையும் எழுப்பாத, யாரையும் கூப்பிடாத, சும்மா கிடக்கும் கோப்புகள். இவற்றை வட்டில் வைப்பதற்குக் கம்பைலர் எதற்கு?

'டெவ் பேக்கேஜ் நிறுவுகிறவர் கம்பைல் செய்யத்தானே நிறுவுகிறார்' என்பது உடனே வரும் பதில். பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் டிபெண்ட்ஸ் என்ற வரி, பயன்படுத்துகிறவர் அடுத்து என்ன செய்வார் என்ற ஊகத்தை எழுதும் இடம் அல்ல. டெபியனின் கொள்கை ஆவணம் இதைத் தெளிவாகவே பிரிக்கிறது. எது இல்லாவிட்டால் இந்தப் பேக்கேஜ் தன் வேலையில் குறிப்பிடத்தக்க பகுதியைச் செய்ய முடியாதோ, அது டிபெண்ட்ஸ். அபூர்வமான நிறுவல்கள் தவிர மற்ற எல்லாவற்றிலும் எது கூடவே இருக்குமோ, அது ரெக்கமெண்ட்ஸ். கூட இருந்தால் நல்லது என்றால் சஜஸ்ட்ஸ். ஹெட்டர் கோப்பின் வேலை படிக்கப்படுவது. அதைப் படிப்பது ஜிசிசியா, கிளாங் என்ற மற்றொரு கம்பைலரா, குறுக்குக் கம்பைலரா, அல்லது நிரலெழுதும் திரையில் பெயர்களை நிரப்பித் தரும் கருவியா என்பது நிறுவுகிறவர் பாடு.

கம்பைலரே தேவைப்படாத ஒரு கூட்டமும் உண்டு. பைத்தான் மொழியில் சிடைப்ஸ் என்ற வசதி வழியாக ஒரு லைப்ரரியை ஏற்றுகிறவர்கள், பதிப்பு எண் இல்லாத பெயரை நிரலில் எழுதிவிட்டு, அந்தக் குறியிணைப்புக்காகவே டெவ் பேக்கேஜை நிறுவுவார்கள். பதிப்பு எண்ணோடு பெயர் கொடுத்தால் டெவ் பேக்கேஜே வேண்டாம், அதுதான் முறையும். ஆனால் உலகம் முறைப்படி நடப்பதில்லை. வெறும் ஒரு குறியிணைப்புக்காக முழுக் கம்பைலரும் இறங்குவதைப் பார்த்தும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் நுட்பமானது, அதை மதிக்கிறேன். பெரும்பாலான சி ஹெட்டர்கள் மற்ற ஹெட்டர்களை உள்ளே இழுக்கும். எஸ்டிடிஐஓ போன்றவை சி லைப்ரரியின் டெவ் பேக்கேஜிலிருந்து வரும். ஆனால் எஸ்டிடிடெஃப் என்ற ஹெட்டர் அங்கே இல்லை. அது ஜிசிசி தன் சொந்த அடைவுக்குள் வைத்திருக்கும் கோப்பு. ஆகவே எஸ்டிடிடெஃபை இழுக்கும் எந்த ஹெட்டருக்கும் ஜிசிசி தேவைதானே என்று கேட்கலாம். தேவையில்லை. அந்த ஹெட்டரைக் கொடுக்க வேண்டியது கம்பைலரின் கடமை. கிளாங் தன்னுடையதை வைத்திருக்கிறது, குறுக்குக் கம்பைலர் தன்னுடையதை வைத்திருக்கிறது. எந்தக் கம்பைலர் வந்து படிக்கிறதோ அது தன் எஸ்டிடிடெஃபைக் கையோடு கொண்டுவரும். ஜிசிசியின் கோப்பைக் கிளாங்குக்கு முன்னால் எடுத்து வைப்பதால் யாருக்கும் லாபம் இல்லை.

சரி, இந்த வரி எப்படி வந்தது? மாற்றப் பதிவைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். யாரும் படிக்காத இலக்கியம் அது, ஆனால் நேர்மையானது. பழைய காலத்தில் இந்த லைப்ரரியுடன் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் வந்திருக்கிறது. பயன்படுத்துகிறவர் கணினியிலேயே ஒரு துண்டு நிரலைக் கம்பைல் செய்து, கேமராவின் தரவு எந்த பைட் வரிசையில் வருகிறது என்று சோதித்து, அதற்கேற்ப ஒரு ஹெட்டரை உருவாக்கும் ஸ்கிரிப்ட். அதற்குக் கம்பைலர் வேண்டும்; அன்று ஜிசிசியை டிபெண்ட்ஸில் சேர்த்தவர் சரியாகத்தான் செய்தார். பின்னால் அந்த ஸ்கிரிப்ட் தேவையில்லாமல் போய் நீக்கப்பட்டது. வரி மட்டும் தங்கிவிட்டது. சி++ ஹெட்டர் ஒன்று சேர்ந்தபோது பக்கத்தில் ஜி++ வந்து உட்கார்ந்தது. சிமேக் கோப்பு சேர்ந்தபோது சிமேக் வந்தது. முதல் வரி ஒரு முன்னுதாரணமாகிவிட்டது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. வட ஆற்காட்டிலிருந்து 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டத்திலிருந்து 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆனாலும் பழைய பத்திரத்திலும் கடைப் பலகையிலும் 'வ.ஆ. மாவட்டம்' என்றே இருக்கும். பலகையில் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பேக்கேஜின் விவரங்களைச் சொல்லும் கட்டுப்பாட்டுக் கோப்பில் இருக்கும் பழைய வரியை ஒரு நிரல் ஒவ்வொரு முறையும் கண்ணும் கருத்துமாகப் படித்து அப்படியே நிறைவேற்றுகிறது என்பதுதான் தொல்லை.

வரலாற்றுக் காரணமும் ஒன்று உண்டு. ஜிசிசி 1987-ல் வந்தது, டெபியன் 1993-ல். அந்தக் காலத்து லினக்ஸில் கம்பைலர் என்றாலே ஜிசிசிதான். கிளாங்கின் மூலநிரல் வெளியே வந்தது 2007-ல். ஒரே ஒரு கடை இருக்கும் ஊரில் 'கடைக்குப் போ' என்றால் போதும், எந்தக் கடை என்று யாரும் கேட்கப்போவதில்லை. அந்தப் பேச்சு வழக்கு டிபெண்ட்ஸ் வரிகளில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

கம்பைலர் சார்பு எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. டிகேஎம்எஸ் என்ற கருவி, கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவர் மாட்யூல்களைப் பயன்படுத்துகிறவர் கணினியிலேயே கம்பைல் செய்கிறது. அதற்குக் கம்பைலர் உயிர். ரஸ்ட் கம்பைலர் கடைசிக் கட்டத்தில் நிரல் துண்டுகளை இணைக்க ஜிசிசியைக் கூப்பிடுகிறது. எனவே டெபியனில் அது ஜிசிசியைச் சார்ந்திருக்கிறது, நியாயம். ஆர் மொழியின் டெவ் பேக்கேஜ் பில்ட்-எசென்ஷியலையே இழுக்கும். ஆர் பயனர்கள் மூலநிரலாக வரும் துணைத் தொகுப்புகளை நிறுவிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்தப் பேக்கேஜ் இருக்கிறது. பல கணினிகளைச் சேர்த்து வேலை வாங்கும் எம்பிஐ உலகத்தின் எம்பிஐசிசி என்பது கம்பைலருக்கு மேல் போர்த்திய உறை, உள்ளே ஆள் இல்லாமல் உறை நிற்காது. ஃபோர்ட்ரான் மொழி இன்னும் கறார்: அதன் மாட் கோப்புகள் அவற்றை உருவாக்கிய கம்பைலருக்குத்தான் புரியும், பதிப்பு மாறினால் படிக்காமலும் போகலாம். இவை எல்லாவற்றிலும் பேக்கேஜே கம்பைலரைக் கூப்பிடுகிறது, அல்லது கம்பைலரின் சொந்தக் கோப்பைச் சுமக்கிறது. நான் பிரித்துப் பார்த்த பேக்கேஜில் இரண்டும் இல்லை.

பாய்க்கு இதெல்லாம் சொன்னால் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, இடம் போதவில்லை என்றால் பெரிய மெமரி கார்டு வாங்கிப் போட்டுவிடலாமே, சில நூறு ரூபாய்தானே?" என்றார்.

"இடப் பிரச்சினை இல்லை பாய். இந்த வரி இருக்கும்வரை நிரலை என் வீட்டில் தயார் செய்ய முடியாது" என்றேன்.

"அப்போது அந்த வரியை எடுத்துவிடுங்கள்" என்றார். நியாயமான பேச்சு.

முதலில் அன்றைய வேலைக்கு ஒரு வழி. பேக்கேஜ் கோப்பை இறக்கி, டிபிகேஜி-டெப் கருவியால் பிரித்து, கட்டுப்பாட்டுக் கோப்பில் மூன்று பெயர்களையும் வெட்டி, பதிப்பு எண்ணின் வாலில் "+வேலூர்1" என்ற பொருளில் ஓர் ஒட்டுப் போட்டு, மறுபடி கட்டினேன். வாலில் ஒட்டு இல்லாவிட்டால் எது அசல், எது நான் கை வைத்தது என்று பின்னால் எனக்கே தெரியாது. இப்போது ஆப்ட் மறுபேச்சு இல்லாமல் நிறுவியது. குறுக்குக் கம்பைலர் ஹெட்டரைப் படித்தது, நிரல் உருவானது. இது என் வீட்டுக்கு மட்டும் போதும், ஊருக்கு ஆகாது. பேக்கேஜ் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் இதையே செய்துகொண்டிருக்க வேண்டும்.

முறையான திருத்தம் என்றால் வெட்டுவதோடு நிற்காது. 'இந்தப் பேக்கேஜுக்கு உண்மையில் எது தேவை' என்று தேட வேண்டும், அது இன்னும் சுவாரசியமான வேலை. ஒவ்வொரு ஹெட்டருக்கும் ஒரு வரி நிரல் எழுதினேன்: அந்த ஹெட்டரை மட்டும் இழுப்பது, வேறொன்றும் கிடையாது. சுத்தமான ஒரு டெபியன் கன்டெய்னரில் (மற்றவற்றிலிருந்து தனித்து ஓடும் சூழலில்) டெவ் பேக்கேஜையும் கம்பைலரையும் மட்டும் வைத்து, தொடரியல் சோதனை மட்டும் செய்யச் சொல்லி ஓடவிட்டேன். ஜிசிசியில் ஒரு சுற்று, கிளாங்கில் ஒரு சுற்று.

எல்லா ஹெட்டரும் தேறின, ஒன்றைத் தவிர. அது ஜேபெக் லைப்ரரியின் ஹெட்டரை இழுக்கிறது. கன்டெய்னரில் ஜேபெக் டெவ் பேக்கேஜ் இல்லை, எனவே கோப்பு இல்லை என்று நின்றது. ஆக, தேவையில்லாத கம்பைலர்களைப் பெயர் சொல்லி அழைத்த அந்த டிபெண்ட்ஸ் வரி, உண்மையிலேயே தேவைப்பட்ட ஜேபெக்கை விட்டுவிட்டிருந்தது. படம் சார்ந்த வேலை செய்கிறவர்கள் கணினியில் ஜேபெக் டெவ் எப்படியும் இருக்கும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஜேபெக்கைச் சேர்த்தபின் இன்னொரு பிழை. ஜேபெக்கின் ஹெட்டருக்கு ஒரு பழைய குணம் உண்டு: அது எஸ்டிடிஐஓவைத் தானே இழுக்காது, முன்னால் யாரோ இழுத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கும். பல நிரல்களில் அந்த வரி முன்பே இருப்பதால் தெரியாது. ஒரு வரி நிரலில் உடனே தெரிந்துவிட்டது. அதற்கு மூலநிரலில் ஒரு வரித் திருத்தம். மொத்தத்தில் மூன்றைக் கழிக்கப் போய் ஒன்றைக் கூட்டி வந்தேன். இந்த ஒன்றுக்காகவே இந்த வேலை தகும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, யார் விழுவார்கள் என்ற கணக்கு. சேர்ப்பதைவிட எடுப்பது கடினம் என்பது இங்கேதான் தெரியும். சேர்த்தால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள், வட்டு கொஞ்சம் நிரம்பும், அவ்வளவுதான். எடுத்தால், சொல்லாமல் அதன்மேல் சாய்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் சாய்வார்கள்.

டெபியனுக்குள் நல்ல செய்தி. டெபியனில் எந்தப் பேக்கேஜைக் கட்டும்போதும் பில்ட்-எசென்ஷியல் அங்கே இருந்தே தீரும். ஜிசிசி, ஜி++, மேக், சி லைப்ரரியின் ஹெட்டர்கள் எல்லாம் அதில் அடக்கம். எனவே இந்த டெவ் பேக்கேஜிலிருந்து ஜிசிசியை எடுப்பதால் அதைப் பயன்படுத்திக் கட்டப்படும் எந்தப் பேக்கேஜும் உடையாது. சிமேக் கதை வேறு. அது பில்ட்-எசென்ஷியலில் இல்லை. யாராவது தங்கள் கட்டுமானச் சார்புகளில் சிமேக்கை எழுதாமல், இந்தப் பேக்கேஜ் வழியாக வருகிறதே என்று விட்டிருந்தால், அவர்கள் கட்டுமானம் நிற்கும். எந்தப் பேக்கேஜ்கள் இதை வைத்துக் கட்டப்படுகின்றன என்று காட்டும் பில்ட்-ஆர்டெப்ஸ் கருவியால் பட்டியல் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கவனிக்காமல் விடக்கூடிய இடம், நிறுவியபின் நடக்கும் தானியங்கிச் சோதனைகள். அந்தச் சோதனை நடக்கும் சூழலில் பில்ட்-எசென்ஷியல் தானாக வராது. சோதனைக்கு என்ன வேண்டுமோ அதை எழுதித்தான் கேட்க வேண்டும். ஒரு சின்ன எடுத்துக்காட்டு நிரலைக் கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்கும் சோதனை, டெவ் பேக்கேஜை மட்டும் கேட்டுவிட்டு, கூடவே வந்த ஜிசிசியை இத்தனை காலம் இலவசமாகப் பயன்படுத்தியிருக்கும். நான் வரியை எடுத்ததும் 'கம்பைலர் காணோம்' என்று அது தோற்கும். தோற்றால் அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங் பதிப்புக்குள் இந்தப் பேக்கேஜ் நுழையாமல் தடுக்கப்படும். இந்த லைப்ரரியின் சொந்தச் சோதனையே அப்படித்தான் இருந்தது. அதன் கோப்பில் பில்ட்-எசென்ஷியலைச் சேர்த்தேன்.

பயன்படுத்துகிறவர்கள் பக்கம் இன்னொரு கண்ணி. இந்தப் பேக்கேஜ் வழியாகத் தானாக வந்த ஜிசிசியை ஆப்ட் 'தானாக நிறுவப்பட்டது' என்று குறித்து வைத்திருக்கும். டிபெண்ட்ஸ் வரி போனதும் அந்த ஜிசிசிக்கு ஆதரவு போய்விடும். அடுத்த முறை, தேவையற்றதை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையைத் தட்டினால் கம்பைலர் கழன்றுவிடும். வாய்ப்பு உண்டா என்றால் உண்டு. வேறு எதுவும் ஜிசிசியைக் கேட்காத கணினிகளில் நடக்கும். இதற்கு ஆப்டிலேயே ஒரு தணிப்பு இருக்கிறது: இயல்பான அமைப்பில், ரெக்கமெண்ட்ஸிலோ சஜஸ்ட்ஸிலோ பெயர் இருந்தாலும் ஆட்டோரிமூவ் அதைத் தொடாது. ஆகவே வரியை மொத்தமாக வெட்டாமல் சஜஸ்ட்ஸுக்கு இறக்கினால் பழைய கணினிகளில் இருக்கும் கம்பைலர் அப்படியே இருக்கும், புதிய கணினிகளில் வராது. இது தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. இப்படிப்பட்ட சிறு கதவுகளை யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள்.

திருத்தத்தை அனுப்பினேன். டெபியனில் அந்தப் பேக்கேஜைக் கவனிக்கும் பராமரிப்பாளர் மறுக்கவில்லை, ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை. அவர் கேட்டது: டெவ் பேக்கேஜ் நிறுவுகிறவர்களில் பெரும்பாலோரிடம் கம்பைலர் இருக்கும்தானே, அப்படியானால் கொள்கைப்படியே ரெக்கமெண்ட்ஸ்தானே பொருந்தும்? வலுவான கேள்வி. ரெக்கமெண்ட்ஸாக இருந்தால் குறுக்குக் கம்பைல் கெடாது. ரெக்கமெண்ட்ஸை நிறைவேற்றுவதற்காக ஆப்ட் இருக்கிறதைக் கழற்றாது, கட்டுமானக் கருவிகள் ரெக்கமெண்ட்ஸை இயல்பாக நிறுவுவதும் இல்லை. ஆனால் சாதாரணமாக ஆப்ட் ரெக்கமெண்ட்ஸையும் சேர்த்தே நிறுவும். எனவே குறியிணைப்புக்காக வருகிறவருக்கும், கிளாங் மட்டும் வைத்திருப்பவருக்கும் ஜிசிசி மறுபடி வந்து சேரும். "ஜிசிசி அல்லது ஏதாவது ஒரு சி கம்பைலர்" என்று மாற்றலாமே என்று அவரே ஒரு வழி சொன்னார். டெபியனில் அதற்கென்று சி-கம்பைலர் என்ற மெய்நிகர்ப் பெயர் உண்டு. ஜிசிசி, கிளாங், டிசிசி எல்லாம் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லும். கிளாங்காரர் பிரச்சினை அதில் தீரும், என் பிரச்சினை தீராது. டிபெண்ட்ஸில் வைத்தால் ஆர்ம் 64 பேக்கேஜ் அந்த 'ஏதாவது ஒரு கம்பைலரை'யும் ஆர்ம் 64-ல்தான் கேட்கும்.

இந்த உரையாடலில் பாதுகாப்பு என்ற வாதத்தை நான் எடுக்கவில்லை. சர்வரில் கம்பைலர் இருந்தால் உள்ளே நுழைந்தவனுக்கு வசதி என்று பாதுகாப்பு ஆய்வுக் கருவிகள் எச்சரிப்பது உண்டு. லைனிஸ் அப்படி ஒரு குறிப்புப் போடும். உள்ளே நுழைந்தவன் கம்பைல் செய்த கோப்பைக் கையோடு கொண்டுவர மாட்டானா? எனக்கு அந்த வாதத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. நம்பாத வாதத்தை வெற்றிக்காகத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் பதிப்பு இதே கேள்வியை எதிர்த் திசையிலிருந்து சந்தித்தது. அங்கே கட்டுமானச் சூழலில் ஜிசிசி எப்போதும் இருந்துவந்தது. 2018-ல் ஃபெடோரா 29-க்காக அதை எடுத்துவிட்டார்கள். பைத்தானிலோ வேறு மொழியிலோ எழுதிய பேக்கேஜ்களைக் கட்டுவதற்கும் சி கம்பைலரை ஏன் இறக்க வேண்டும் என்பது காரணம். சி-யில் எழுதியவர்கள் 'எனக்கு ஜிசிசி வேண்டும்' என்று தங்கள் கோப்பில் எழுத வேண்டியதாயிற்று. கம்பைல் செய்கிறவர் எழுத வேண்டும், அவருக்கு ஹெட்டர் கொடுக்கிறவர் எழுத வேண்டியதில்லை. டெபியனின் வழி வேறு என்றாலும், யார் வாயிலிருந்து அந்தக் கோரிக்கை வர வேண்டும் என்பதில் நான் ஃபெடோரா பக்கம்.

கடைசியில் ஜிசிசியும் ஜி++-உம் சஜஸ்ட்ஸுக்கு இறங்கின. ஜேபெக் டெவ் டிபெண்ட்ஸில் ஏறியது. அதில் அவருக்கு ஒரு சொல் மறுப்பும் இல்லை, உடனே சேர்த்தார். டெவ் பேக்கேஜை மட்டும் நிறுவி அதிலேயே கம்பைலர் வரும் என்று தங்கள் ஸ்கிரிப்டுகளில் நம்பியிருப்பவர்களுக்காக, மாற்றங்களைப் பயனர்களுக்கு அறிவிக்கும் நியூஸ் கோப்பில் ஒரு பத்தி எழுதச் சொன்னார், எழுதினேன். இந்த மாதிரி மாற்றங்கள் நிலையான பதிப்புக்குப் பின்னோக்கிப் போவதில்லை. எனவே டெபியன் 12 வைத்திருப்பவர்கள் அதில் இருக்கும்வரை பழைய வரியோடுதான் காலம் தள்ள வேண்டும், அல்லது நான் செய்ததுபோல் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும்.

சிமேக் மட்டும் டிபெண்ட்ஸிலேயே நிற்கிறது. பேக்கேஜுக்குள் சிமேக் கோப்பு இருக்கிறதே என்பது அவர் வாதம். பிகேஜி-கான்ஃபிக்குக்கும் ஒரு கோப்பு இருக்கிறது, ஆனால் அதன் பெயர் டிபெண்ட்ஸில் இல்லையே என்பது என் பதில். சிமேக் குறுக்குக் கம்பைலைக் கெடுப்பதில்லை, ஆகவே அவசரம் இல்லை என்கிறார்; அதுவும் உண்மை. தங்கள் கட்டுமானச் சார்புகளில் சிமேக்கை எழுத மறந்த பேக்கேஜ்கள் என் பட்டியலில் சில இருந்தன. முதலில் அவற்றுக்குத் திருத்தம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அவை ஏறிமுடிந்த பிறகு இந்த விவாதத்தை மறுபடி திறப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.